சரளைக் குழியில் நாட்டுப் புல்: இரண்டு முறை விதைத்தும் நிற்கவில்லை, எங்கே தவறு?

#1 மேட்டுக்குழி

வணக்கம். நாலு ஏக்கர் இடம், ஒரு காலத்தில் கிராவல் வெட்டிய குழி. வெட்டு நின்று ஆறு வருடம் ஆகிறது. விவசாயம் பார்க்கும் எண்ணமில்லை, மனை போடும் எண்ணமும் இல்லை. வெட்டுவதற்கு முன்பு அங்கே நின்ற புல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு முறை முயன்றாயிற்று. முதல் முறை ஒரு ஏக்கரில் மட்டும் வெளியிலிருந்து வயல் மண் அடித்து, அரை அடி பரப்பி, அதன்மேல் விதை தூவினேன். மழை பெய்ததும் பச்சைப் பசேல் என்று எழும்பியது. கிட்டப் போய்ப் பார்த்தால் புல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பளவு. அடுத்த வருடம் மண் அடிக்காத இடத்தில் வெறும் சரளை மேலேயே தூவினேன். முளைத்தது, சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம் போனால் எல்லாம் தீக்குச்சி மாதிரி காய்ந்து நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கினேன், கையோடு வந்துவிட்டது. வேர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதுவும் கீழே போகாமல், வளைந்த ஆணி மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

எந்தப் புல் விதை வாங்கினால் இந்தச் சரளையில் நிற்கும்? இல்லை, இன்னும் மண் அடிக்கத்தான் வேண்டுமா?

#2 மழைக்குருவி

விதைப்பந்து போடுங்கள் சார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே நாளில் நாலு ஏக்கரும் முடிந்துவிடும்.

#3 வேர்நோக்கி

பந்துக்குள் இருக்கிற விதைக்கும் வேர் விட இடம் வேண்டுமே. பந்து, எறும்பிடமிருந்தும் குருவியிடமிருந்தும் விதையைக் காப்பாற்றும்; தரையை இளக்காது.

மேட்டுக்குழி, உங்கள் கேள்விக்கான பதில் அந்த வளைந்த வேரிலேயே இருக்கிறது. விதைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழித்தளத்தில் எத்தனை வருடம் லோடு லாரியும் பொக்லைனும் ஓடியிருக்கும்? அது தரை இல்லை, ரோடு. சரளையும் மணலும் களியும் கலந்த பொருள்தான் ரோட்டு வேலைக்கு நன்றாக இறுகும் என்று தேடி வாங்குகிறார்கள். அதே பொருளின்மேல் வண்டி ஓடி ஓடி உங்கள் குழியிலும் இறுகிவிட்டது. மேலே அரை அங்குலம் இளகிய தூசியில் விதை முளைக்கும். அதற்குக் கீழே வேர் இறங்க வழியில்லாமல் பக்கத்தில் திரும்பும். மழை நாலு நாள் தள்ளிப்போனால் கதை முடிந்தது.

ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் கடப்பாரை எடுத்துக்கொண்டு போய் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். எவ்வளவு ஆழத்தில் 'டங்' என்று நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எப்போது வற்றுகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். அதுவரை ஒரு கிலோ விதைகூட வாங்காதீர்கள்.

#4 பசுந்தழை

மண்ணே இல்லாத இடத்தில் புல் எப்படி நிற்கும்? முதல் ஏக்கரில் தவறு மண் அடித்தது இல்லை, களை விதை உள்ள மண்ணை அடித்தது. நல்ல மண்ணாகப் பார்த்து ஒரு அடி கனத்துக்கு அடித்து, கொஞ்சம் டி.ஏ.பி. உரம் போடுங்கள். புல் தானாக வரும். எங்கள் பக்கம் ரோட்டோரச் சரிவுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

#5 வேர்நோக்கி

ரோட்டோரத்தில் அவர்களுக்கு வேண்டியது ஒரே பருவத்தில் பச்சை. எந்தப் பச்சை என்று யாரும் கேட்பதில்லை. இவர் கேட்பது பழைய புல்.

வளமான மண் நாட்டுப் புல்லுக்குச் சாதகமில்லை, அதன் எதிரிக்குத்தான் சாதகம். தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் ஒரு வருடக் களைகள் ஒரே மாதத்தில் ஆள் உயரம் வளர்ந்து வெயிலை மறைத்துவிடும். நாட்டுப் பல்லாண்டுப் புற்கள் முதல் வருடம் முழுக்க வேரைத்தான் வளர்க்கும், மேலே விரல் நீளம் இலை நின்றாலே பெரிது. அந்தப் போட்டியில் அவை தோற்கும். ஐரோப்பாவில் பழைய வயல்களைப் புல்வெளியாக மாற்றும்போது உரம் ஏறிய மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டே விதைக்கிறார்கள். வேறு இடங்களில் மரத்தூளும் சர்க்கரையும்கூடக் கலந்து பார்த்திருக்கிறார்கள். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், களைக்குக் கிடைக்காது. இவர் குழியில் அந்த வறுமை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போய் ஏன் காசு கொடுத்துக் கெடுக்க வேண்டும்?

#6 பசுந்தழை

வறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? சுரங்கக் கழிவுகளில் புல் வளர்ப்பதைப் பற்றிப் பல பத்தாண்டு ஆராய்ந்த லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் டோனி பிராட்ஷா, அந்த இடங்களின் முதல் பற்றாக்குறை தழைச்சத்துதான் என்று சொல்லியிருக்கிறாரே? அதை எங்கே வைக்கிறீர்கள்?

#7 வேர்நோக்கி

நல்ல கேள்வி, உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. கார்ன்வாலின் சீனக்களிமண் கழிவு மேடுகளில் அவர்கள் கண்டது அதுதான். உரம் போட்டால் புல் வந்தது. நிறுத்தினால் மஞ்சளாகிப் பின்வாங்கியது. அவர்கள் கண்ட வழி, குளோவர் போன்ற பயறுவகைச் செடிகளைச் சேர்த்து விதைப்பது. மூட்டைச் சத்து ஒரே மழையில் சரளை வழியாக இறங்கிப் போய்விடும், போகிற வழியில் களைக்கும் ஊட்டிவிட்டுப் போகும். பயறுவகைச் செடி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் சேர்க்கும். கொழுஞ்சி மாதிரி நம் மேட்டு நிலத்தில் தானாக நிற்கும் செடி எதுவென்று பார்த்து, விதைக் கலவையில் சிறு பங்கு சேர்த்தால் போதும். சிறு பங்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

#8 மேட்டுக்குழி

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு நல்ல மழை. காலையில் கடப்பாரையோடு போனேன்.

ஏழு இடத்தில் குத்தினேன். ஐந்தில் நாலு விரல் ஆழத்திலேயே நின்றுவிட்டது. குழியின் கிழக்கு ஓரத்தில், லாரி போகாத இடத்தில், முழங்கை ஆழம் இறங்கியது. இரண்டு குழி தோண்டியதில் கை கொப்பளித்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மாலை வரை அப்படியே நின்றது. இருட்டும்போதும் முக்கால் குடம் மிச்சம். சரளையில் தண்ணீர் நிற்காது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்!

இன்னொன்று: குழிக்கு வடக்கே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண்மேடு ஒன்று இருக்கிறது. வெட்ட ஆரம்பித்தபோது மேலே இருந்த மண்ணை வாரிக் கொட்டியது என்கிறார்கள். அதன்மேல் புதர் மண்டிக் கிடக்கிறது. அது பயன்படுமா?

#9 கல்லெண்ணி

இந்தக் குத்து வைத்தியத்தோடு, தரை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள் அண்ணா. எனக்குச் சரளை நிலத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு. உருளை அடித்து மண் மாதிரி எடுக்கும் வழக்கமான முறை கல் இருக்கிற இடத்தில் நடக்காது. நான் செய்வது இது:

சின்னக் குழி தோண்டுங்கள். தோண்டிய எல்லாவற்றையும் ஒரு பொடி விடாமல் பையில் போடுங்கள். குழிக்குள் மெல்லிய பாலிதீன் தாளை விரித்து, விளிம்பு வரை அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். அதுதான் குழியின் கொள்ளளவு. மண்ணை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். பிறகு சலித்துக் கல்லைத் தனியாக நிறுங்கள்.

என் இடத்தில் வந்த கணக்கு: குழி 3 லிட்டர். காய்ந்த எடை 6.2 கிலோ. அதில் கல் 2.4 கிலோ. கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, ஆகவே கல் பிடித்த இடம் 0.9 லிட்டர். மீதி 3.8 கிலோ மண், 2.1 லிட்டர் இடத்தில். வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம். மணல் பாங்கான மண்ணில் வேர் நின்றுபோகும் அளவு என்று பொதுவாகச் சொல்வது இந்த 1.8-ஐத்தான். களிமண்ணில் 1.47-லேயே நின்றுவிடும். கல்லைக் கழிக்காமல் வகுத்தால் 2-க்கு மேலே காட்டும், வீணாகப் பயப்படுவோம். அதனால் சலிப்பதை விட்டுவிடாதீர்கள்.

#10 வேர்நோக்கி

அருமை. இனி வேலை தெளிவு. உளிக்கலப்பையோ, பொக்லைனின் பின்னால் மாட்டும் ரிப்பரோ கொண்டு ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி ஆழத்துக்குக் கிழிக்க வேண்டும். புரட்ட வேண்டாம், கிழித்தால் போதும். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் போக வேண்டும். ஏற்றம் இறக்கமாகக் கிழித்தால் ஒவ்வொரு கோடும் ஓடையாகிவிடும்.

முக்கியம்: தரை காய்ந்திருக்கும்போது கிழியுங்கள். காய்ந்த தரை கோட்டின் இரண்டு பக்கமும் உடைந்து நொறுங்கும். ஈரத் தரையில் கலப்பை வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி போய்விடும். ஒரு கீறல் மட்டும் விழும், அதன் சுவரும் வழவழவென்று பூசிக்கொள்ளும். கிழித்த பிறகு அதன்மேல் எந்த வண்டியையும் விடாதீர்கள். தரையை மட்டம் தட்டி அழகு பார்க்கவும் வேண்டாம். கட்டியும் பள்ளமுமாகக் கிடந்தால்தான் விதை பதுங்கவும் தண்ணீர் தங்கவும் இடம் கிடைக்கும்.

வடக்கு மேட்டைப் பற்றி: அது உங்கள் சொந்த மேல்மண், வயல் மண்ணைவிடப் பல மடங்கு மதிப்பு. ஆனால் காலம் கடந்துவிட்டது. மண்ணில் உயிருள்ள விதை பெரும்பாலும் மேலே இரண்டு மூன்று அங்குலத்தில்தான் கிடக்கும். அதை வாரி ஆள் உயரத்துக்குக் கொட்டினால் உள்ளே காற்றில்லாமல் விதையும், வேரோடு கூடி வாழ்ந்து செடிக்கு உதவும் வேர்ப்பூஞ்சையும் சாகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காட்டில் பாக்சைட் எடுக்கும் அல்கோவா நிறுவனம், ஓர் இடத்தில் மேல்மண்ணை மெல்லிய அடுக்காகத் தனியே வாரி, தேக்கி வைக்காமல் அப்போதே வெட்டி முடிந்த இன்னொரு குழியில் பரப்பும் முறையைப் பல வருடங்களாகப் பின்பற்றியது இதனால்தான்.

உங்கள் மேட்டில் வெளித்தோல் மட்டும் உயிரோடிருக்கும். அந்தப் புதரில் என்னென்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நாட்டுப் புல் தூர்கள் உள்ள பக்கத்தில் மட்டும் ஒரு சாண் கனம் சுரண்டி, கிழித்த தரையில் திட்டுத்திட்டாக இரண்டு அங்குலம் போடுங்கள். முழுக்க மூட வேண்டாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

#11 சும்மாவிடு

ஒரே ஒரு மாற்றுக் குரல். இத்தனை பேரும் என்ன விதைக்கலாம் என்று பேசுகிறோம். விதைக்காமலே விட்டால் என்ன?

செக் நாட்டில் கைவிடப்பட்ட சரளை, மணல் குழிகளை கரேல் பிராக் போன்றவர்கள் நீண்ட காலம் கவனித்திருக்கிறார்கள். சுற்றி நூறு மீட்டர் தூரத்துக்குள் நல்ல இயற்கைத் தாவரங்கள் இருந்த குழிகள் பலவும் யாரும் கை வைக்காமலே நல்ல புல்வெளியாகவோ புதர்க்காடாகவோ திரும்பியிருக்கின்றன. மேல்மண் போட்டு மரம் நட்டுச் 'சீரமைத்த' குழிகளைவிட அரிய செடிகள் அங்கேதான் அதிகம். எனக்கு இந்தச் சீரமைப்பு வெறி மீதே கொஞ்சம் சந்தேகம் உண்டு. பாதி வேலை நாம் சும்மா இருக்க முடியாத வேதனையில் செய்வது.

#12 வேர்நோக்கி

சும்மாவிடு சொல்வதை மதிக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: அந்த நூறு மீட்டருக்குள் என்ன நிற்கிறது?

#13 மேட்டுக்குழி

கிழக்கே குழி ஓரமாக, வெட்டாத மேடு ஒன்று இருக்கிறது. அங்கே பழைய புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. மேற்கே முழுக்கச் சீமைக்கருவேலம். ஆறு வருடத்தில் குழிக்குள் அது முப்பது நாற்பது மரம் வந்துவிட்டது. மாடு நெற்றைத் தின்றுவிட்டு வந்து சாணம் போடுகிறது.

#14 சும்மாவிடு

அப்படியானால் மேற்குப் பாதியைச் சும்மா விடச் சொல்ல மாட்டேன். கருவேலத்தை அடியோடு எடுங்கள். மேலாக வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளை வரும். கிழக்கு ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் கிழித்துவிட்டு, விதைக்காமல் விட்டுப் பாருங்களேன். ஒப்பிட ஓர் இடம் கிடைக்கும்.

#15 புல்லாங்காடு

விதை பற்றி நான் எழுதுகிறேன், என் பித்து அதுதான்.

கடைக்குப் போகாதீர்கள். 'புல் விதை' என்று விற்பது பெரும்பாலும் தீவனப் புல். கொழுக்கட்டைப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வறண்ட நிலத்துக்குச் சொந்தக்காரப் புல், நல்ல மேய்ச்சல். அதையே 20-ஆம் நூற்றாண்டில் தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று சொனோரா பாலைவனத்தில் கள்ளிகளுக்கு இடையில் அடர்ந்து வளர்ந்து, தீயே அதிகம் பார்த்திராத நிலத்தில் தீயைப் பரப்புகிறது. ஆட்கள் குழுக் குழுவாகப் போய்ப் பிடுங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே தலைவலி. ஒரே புல்தான், இடம் மாறியதும் குணம் மாறிவிட்டது. அதனால் 'இது வறட்சி தாங்கும்' என்று யாராவது விதைப் பையை நீட்டினால், எந்த ஊர் நிலத்துக்குச் சொந்தம் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் விதை கிழக்கு மேட்டில் நிற்கிறது. அங்கே ஊசிப்புல் இருக்கிறதா? கதிரிலிருந்து கறுத்த நீண்ட வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிச் சடை போட்ட மாதிரி தொங்கும். நடந்தால் வேட்டியில் குத்தி ஏறும். பழுத்த விதை ஒன்றை எடுத்து ஈரத் துணியில் வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டதும் வால் மெதுவாகச் சுழல ஆரம்பிக்கும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். முனை ஊசி மாதிரி, அதில் பின்னோக்கிப் படிந்த ரோமம். இந்தச் சுழற்சியில் விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். ஆட்டுத் தோலிலும் இதே வித்தைதான். உங்கள் இறுகிய தரையில் திருக இடமில்லை, கிழித்த தரையில் உண்டு.

இனி நடைமுறை. புதிதாகப் பறித்த ஊசிப்புல் விதை பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். சாக்கில் கட்டி காற்றோட்டமான நிழலில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வைத்தால் உறக்கம் கலையும். புகையும் பல புற்களுக்கு உதவும். தென்னாப்பிரிக்காவில் 1990-இல் டி லாங்கும் பௌச்சரும் தீயின் சூடு இல்லாமலே புகை மட்டும் விதையை எழுப்புகிறது என்று காட்டினார்கள். 2004-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் புகைக்குள் அதைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள், அதற்குக் கரிகின் என்று பெயர். எல்லா விதைக்கும் பலிக்காது. அதனால் நூறு விதையைப் புகை காட்டியும் நூறு விதையைக் காட்டாமலும் ஈரத் துணியில் போட்டு எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவது ஏன் முக்கியம் என்றால், சாக்கில் இருப்பதெல்லாம் விதை இல்லை. 10 கிலோ சாக்கில் 30 சதவீதம்தான் விதை, மீதி பதரும் காம்பும் என்று வையுங்கள். அந்த விதையில் 40 சதவீதம்தான் முளைக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 12 சதவீதம். உங்கள் கையில் இருப்பது 1.2 கிலோ உயிருள்ள விதை. சதுர மீட்டருக்கு 400, 500 உயிருள்ள விதை விழுகிற மாதிரி கணக்குப் போடுவது நல்லது. அதிகம் என்று தோன்றும். அமெரிக்க மேற்கின் வறண்ட புல்வெளிகளில் தூவிய விதைகளை மண்ணுக்குள்ளேயே பின்தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது, முளைத்தவற்றில் பெரும்பகுதி வெளியே தலை காட்டும் முன்பே செத்துப் போகிறது என்பதுதான்.

ஆழமாகப் புதைக்காதீர்கள். தூவி, விளக்குமாறாலோ முள்ளுக் கிளையாலோ இழுத்துவிட்டால் போதும். வால் உள்ள விதை எந்த விதைக்கருவியிலும் அடைத்துக்கொள்ளும், கைதான் கருவி.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு. கிழக்கு மேட்டுப் புல்லில் விதை முற்றும் நேரத்தில், ஒரு பகுதியை மட்டும் அறுத்து, அன்றைக்கே கொண்டுவந்து குழியில் பரப்பிவிடுங்கள். விதையும் மூடாக்கும் ஒன்றாக வந்து சேரும். கூடவே நமக்குப் பெயர் தெரியாத பத்துச் செடிகளும் வரும். ஒரு பங்கு மேட்டை அறுத்தால் இரண்டு மூன்று பங்கு வெற்றிடத்துக்குக் காணும். ஆனால் மேடு முழுவதையும் மொட்டை அடித்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு இந்த வருடம், இன்னொரு பங்கு அடுத்த வருடம்.

#16 மழைக்குருவி

விதைப்பந்து சொன்னதற்கு மன்னிக்கவும், நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு கேள்வி: குழியின் சுவர் செங்குத்தாக நின்றால் சரித்துவிட வேண்டாமா? அதில் வெட்டிவேர் வைக்கலாமே?

#17 கல்லெண்ணி

ஒரு பக்கம் சரிக்கலாம். மூன்றடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம் என்பதைவிடச் செங்குத்தாக இருந்தால் மண் நிற்காது. வெட்டிவேர் ஒரு வரிசை நட்டால் மண்ணைப் பிடிக்கும், 1980-களில் உலக வங்கியே அதைத் தூக்கிப் பிடித்தது. ஆனால் அது வேலி, புல்வெளி ஆகாது. ஓடை விழும் இடத்தில் மட்டும் ஒரு வரிசை போதும்.

சுவர் முழுவதையும் சரித்துவிடாதீர்கள். ஒரு பத்து மீட்டராவது செங்குத்தாக விடுங்கள். பஞ்சுருட்டான் பொந்து போடுவது இப்படிப்பட்ட மண் சுவரில்தான். கீழே கொஞ்சம் வெறுந்தரையும் விட்டால் மண்ணில் கூடு தோண்டும் தேனீ வரும். ஆள் ஏறாமல் மட்டும் வேலி போடுங்கள்.

#18 மேட்டுக்குழி

நாலு மாதம் கழித்து வருகிறேன். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு.

மேற்கில் கருவேலத்தை வேரோடு எடுத்தாயிற்று. கிழிப்பதற்கு ஒருவரிடம் பேசி வைத்தேன். பாதி வேலையை மழைக்கு முன்பே முடித்தார். புழுதி பறக்க, கட்டி கட்டியாக உடைந்து விழுந்ததைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. அப்புறம் வேறு வேலை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மூன்று வாரம் கழித்து, இரண்டு மழை ஆன பிறகு வந்தார். நான் ஊரில் இல்லை. 'ஈரமாக இருந்தால் வண்டிக்குச் சுலபம்' என்று சொல்லி மீதியையும் கிழித்து முடித்துவிட்டார். வந்து பார்த்தேன். கோடு கோடாக, பளபளவென்று, வேர்நோக்கி சொன்ன அதே பூச்சு. விரலை விட்டுத் தடவினேன், பானையின் உட்பக்கம் மாதிரி இருக்கிறது.

கிழக்கு மேட்டில் அறுத்த புல்லைப் பாதியில் பரப்பினேன். போன வருடம் பறித்து வைத்திருந்த விதையை மீதியில் தூவினேன். வடக்கு மேட்டின் தோல் மண் பன்னிரண்டு திட்டு. கிழக்கு ஓரம் சும்மாவிடு அவர்களுக்காக ஒதுக்கிய பட்டை.

#19 வேர்நோக்கி

ஈரத்தில் கிழித்த பாதியை இந்த வருடம் மறந்துவிடுங்கள். அடுத்த கோடையில் குறுக்கே ஒரு முறை கிழிக்கலாம். மற்றதில் இனி ஒரே வேலை: களை பூக்கும் முன்பு ஒரு சாண் உயரம் விட்டு அறுப்பது. பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் பக்கத்தில் நிற்கும் புல் நாற்றும் வந்துவிடும். இரண்டு வருடம் ஆடு மாடு உள்ளே வரக்கூடாது. நட்பாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, முள்ளையும் போடுங்கள்.

முதல் வருடம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1935-இல் மீட்டெடுக்கத் தொடங்கிய கர்ட்டிஸ் புல்வெளியில் இன்னமும் அந்நியப் புல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

#20 பசுந்தழை

நான் மண் அடிக்கச் சொன்னவன். இப்போதும் முழுக்க மனம் மாறவில்லை, ஆனால் அந்தப் பன்னிரண்டு திட்டு என்ன ஆகிறது என்று பார்க்க ஆவல். கட்டாயம் எழுதுங்கள்.

#21 மேட்டுக்குழி

இரண்டாவது மழைக்காலம் முடிந்தது. கம்பியை வளைத்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, இடம் பார்க்காமல் வீசி வீசி எண்ணினேன்.

காய்ந்த நிலையில் கிழித்து விதை தூவிய இடத்தில், சட்டத்துக்குச் சராசரி மூன்று புல் தூர். அறுத்த புல் பரப்பிய இடத்தில் ஐந்து. தோல் மண் திட்டுகளில் ஏழு, அதில் நான் தூவாத நாலு வகைச் செடி. ஒன்று கொழுஞ்சி, மற்றவற்றின் பெயர் தெரியவில்லை, படம் எடுத்திருக்கிறேன். ஈரத்தில் கிழித்த பாதியில் பூஜ்யம், ஒரு சட்டத்தில் ஒன்று. இந்தக் கோடையில் குறுக்கே கிழிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், நானே பக்கத்தில் நிற்கப் போகிறேன். சும்மாவிட்ட பட்டையில் இரண்டு. ஆனால் அவை மேட்டை ஒட்டிய பத்தடிக்குள்ளேயே நிற்கின்றன, அதற்கு அப்பால் இல்லை.

ஒரு தூரின் ஓரத்தில் கவனமாகத் தோண்டினேன். வேர் கிழித்த கோட்டோடு நேராகக் கீழே போகிறது. முழங்கை ஆழம் வரை பின்தொடர்ந்தேன், அதற்குமேல் தோண்ட மனம் வரவில்லை, மூடிவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: குழியின் அடிப்பகுதியில், ஒரு விதையும் தூவாத இடத்தில், பழைய டிராக்டர் டயர் தடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டன் பள்ளங்களில் மட்டும், பள்ளத்துக்கு ஒன்றாக, வரிசையாக ஊசிப்புல் நாற்று. மழைத்தண்ணீர் மேலிருந்து விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது போல.

இப்போது மிச்சம் இருப்பது அந்த முதல் ஏக்கர், வயல் மண் அடித்தது. இன்னும் பார்த்தீனியம்தான். என்ன செய்யலாம்?

#22 வேர்நோக்கி

சொன்னால் கோபப்பட மாட்டீர்களே? அந்த மண்ணை வாரி எடுத்துவிடுங்கள்.

#23 மேட்டுக்குழி

காசு கொடுத்து அடித்த மண்ணைக் காசு கொடுத்து வாருவதா! வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

#24 பசுந்தழை

என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள் நண்பரே. திட்டுகளின் கணக்கைப் பார்த்த பிறகு நானும் வேர்நோக்கி பக்கம்தான். பாதியை மட்டும் வாரிப் பாருங்கள், ஒப்பிடலாம்.

#25 மேட்டுக்குழி

பாதியை வாரியாயிற்று. கீழே அதே பழைய சரளை, வெட்ட வெளிச்சமாகக் கிடக்கிறது. காய்ந்ததும் கிழிப்பேன். வாரிய மண்ணை ஓரத்தில் குவித்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காய்கறிப் பாத்திக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?

#26 வேர்நோக்கி

கொடுக்காதீர்கள். பார்த்தீனிய விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அவர் பாத்தி வழியாக ஊருக்கே போய்ச் சேரும். குவியலை நனைத்து, விதை முளைத்ததும் பூ விடும் முன்பு கொத்திப் போட்டு, மறுபடி நனையுங்கள். மூன்று நாலு தடவை இப்படிச் செய்து முளைப்பு குறைந்த பிறகு கேட்பவருக்குக் கொடுக்கலாம். கொத்தும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செடி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பிவிடும்.